ஸ்கை தீவில் படமெடுக்கப் போகிறீர்களா? முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள்

முதல் முறை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போனபோது எக்செல்லில் அட்டவணை போட்டுக்கொண்டு போனேன். மூன்று நாள், பதினோரு இடம், ஒவ்வோர் இடத்துக்கும் நாற்பது நிமிடம், நடுவில் சாப்பிட இருபது. நான்கு வண்ணத்தில் கட்டம் வேறு. இவ்வளவு காசு போட்டுப் போகிறோம், ஒன்றைக்கூட விடக் கூடாது என்கிற நம்ம சிங்கப்பூர்க் கியாசு புத்திதான், வேறென்ன. இரண்டாம் நாள் காலை ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் மழை. இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். "மச்சான், இது விடாது, அடுத்த இடத்துக்குப் போயிடலாம்" என்றான் கூட வந்தவன். நானும் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கார் கண்ணாடியில் ஏதோ மஞ்சளாகத் தெரிகிறதே என்று திரும்பிப் பார்த்தால், பின்னால் கன்னங்கரிய மேகம், அதற்கு முன்னால் அந்தப் பாறை மட்டும் அடுப்புத் தணல் மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. சாலையில் நிறுத்த இடமில்லை. இடம் கிடைத்து நிறுத்தியபோது எல்லாம் பழையபடி சாம்பல். அந்தப் பயணத்தில் பதினோரு இடத்தையும் பார்த்தேன், சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை.

அதனால் கீழே எதைப் பற்றிச் சொன்னாலும் நான் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவேன். இடங்களைக் குறையுங்கள், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சிப்போனால் இரண்டு. அகத்திணை படித்தவர்களுக்கு இது புதிதல்ல: முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். நிலம் ஓடிப்போகாது, அங்கேயேதான் இருக்கும். பொழுதுக்குத்தான் நாம் காத்துக் கிடக்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலும் அந்த ஊர் வெயிலும்

சிங்கப்பூரில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நமக்கு வருஷம் முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில் விடியும், மாலை ஏழு மணி வாக்கில் அடையும். சூரியன் நெட்டுக்குத்தாக மேலே ஏறுவதால் நல்ல வெளிச்சம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், எட்டரைக்குக் கேமராவை மூடிவிட்டுப் புரோட்டா சாப்பிடப் போய்விடலாம். ஸ்கையில் இந்தக் கணக்கு செல்லாது. அது வடக்கே 57 டிகிரி அட்சரேகைக்கும் மேலே இருக்கிறது. அங்கே சூரியன் சாய்வாக, அடிவானத்தை உரசிக்கொண்டே ஏறும். நமக்குக் கிடைக்கிற பொன்வெயில் நேரம் அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 9 டிகிரிதான் ஏறுகிறது, அதாவது மேகம் வழிவிட்டால் நாள் முழுக்கவே சாய்வெயில். ஆனால் அந்த நாளே காலை ஒன்பது மணிக்கு விடிந்து பிற்பகல் மூன்றரை வாக்கில் முடிந்துவிடும். ஜூனில் நேரெதிர்: அதிகாலை நாலரைக்கு உதயம், இரவு பத்தேகாலுக்கு மேல் அஸ்தமனம், நடுவிலும் முழு இருட்டு கிடையாது.

இன்னொன்று, சூரியன் உதிக்கிற திசை. நமக்கு அது கிழக்கை ஒட்டியே கொஞ்சம் இங்கும் அங்கும் நகரும். ஸ்கையில் ஜூனில் வடகிழக்கில் உதிப்பது டிசம்பரில் தென்கிழக்குக்குப் போய்விடும், 90 டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஆக, யாரோ ஜூனில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நவம்பரில் போய் நின்றால் அதே பாறை இருக்கும், அதே வெளிச்சம் இருக்காது. ஃபோட்டோபில்ஸ் மாதிரி ஒரு செயலியில் நீங்கள் போகிற தேதியைப் போட்டுச் சூரியன் எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இதற்கு ஒரு சாயங்காலம் செலவழித்தால் அங்கே இரண்டு நாள் மிச்சம்.

எப்போது போகலாம்? என்னைக் கேட்டால் அக்டோபர். நடு அக்டோபரில் அங்கே காலை எட்டு மணி வாக்கில் உதயம், மாலை ஆறேகால், ஆறரைக்குள் அஸ்தமனம், ஆஃபீஸ் நேரம் மாதிரி இருக்கும், தூக்கம் கெடாது. மலைச்சரிவில் பிராக்கன் என்கிற பெரணிச்செடி துருப்பிடித்த இரும்பு நிறத்துக்கு மாறியிருக்கும். கறுப்புப் பாறைக்குப் பக்கத்தில் அந்த நிறம், மழையில் நனைந்தால் இன்னும் ஆழமாகும். மிட்ஜ் தொல்லையும் தீர்ந்திருக்கும். மிட்ஜ் என்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடிப் பூச்சி, மே முதல் செப்டம்பர் வரை காற்றில்லாத ஈர நாட்களில் மேகம் மாதிரி வந்து மொய்க்கும், கடிக்கும். நம்ம கொசு எல்லாம் அதற்கு முன்னால் சாது. கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்கிறவர்கள் தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள், சிரிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது, அதனால் கோடையில் கரையோரமோ மேடோ பார்த்து நில்லுங்கள், காட்டுப் பள்ளத்தில் நிற்காதீர்கள். ஊதா நிற ஹெதர் பூ வேண்டுமானால் ஆகஸ்ட், பூச்சியோடு சேர்த்துத்தான் கிடைக்கும்.

நேர வித்தியாசத்தைப் பற்றி யாரும் சொல்லாத நல்ல செய்தி ஒன்று. அவர்கள் கோடையில் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 8. முதல் நாலைந்து நாள் உங்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். மற்றவர்கள் அதைச் சாபம் என்பார்கள், உதயத்தைப் படமெடுக்கப் போகிறவனுக்கு அது வரம். அதனால் உதயக் காட்சிகளைப் பயணத்தின் முதல் பாதியிலும் அஸ்தமனக் காட்சிகளைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேருவது

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து இடிஏ என்கிற மின்னியல் பயண அனுமதி தேவை, கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு விசா வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். எடின்பரோ போய் அங்கிருந்து கார் எடுத்தால் ஐந்தாறு மணி நேரம், இன்வெர்னெஸிலிருந்து என்றால் அதில் பாதி. 1995-இல் திறந்த பாலம் வழியாக நேரே தீவுக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், இப்போது அதற்குக் கட்டணமும் கிடையாது. மல்லேக்கிலிருந்து படகும் உண்டு.

நம்மை மாதிரியே அவர்களும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், நம்ம லைசென்ஸ் செல்லும், மூன்று முள் பிளக்கும் அதேதான், அடாப்டர்கூட வேண்டாம். ஒரே சிக்கல், ஆட்டோமேட்டிக் கார் மட்டும் ஓட்டலாம் என்கிற 3ஏ லைசென்ஸ். அங்கே வாடகைக்குக் கிடைக்கிற கார்களில் கியர் மாற்றுகிற வண்டி நிறைய. ஆட்டோமேட்டிக் வண்டி குறைவு, வாடகையும் அதிகம், அதனால் விமான டிக்கெட் எடுத்த கையோடு கார் பதிவு செய்துவிடுங்கள். தீவில் பல சாலைகள் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே சிறு வளைவு வெட்டியிருப்பார்கள். அது ஒதுங்க மட்டும்தான். அங்கே நிறுத்திவிட்டுப் படமெடுக்க இறங்காதீர்கள், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற வழி அது. ஆடு நடுரோட்டில் படுத்திருந்தால் ஹார்ன் அடித்துப் பயனில்லை, அது எழுந்திருக்கும்போது எழுந்திருக்கும்.

பையில் என்ன

வைட் லென்ஸ்தான் நிலக்காட்சிக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்கையில் எனக்குச் சோறு போட்டது 70-200 மி.மீ. லென்ஸ். காரணம் எளிது: அங்கே வெளிச்சம் மொத்த நிலத்தின் மேலும் விழுவதில்லை, ஒரு மைல் தள்ளி ஒரு சரிவின் மேல், ஒரு வெள்ளை வீட்டின் மேல், சாலையின் ஒரு வளைவின் மேல் திட்டுத் திட்டாக விழுகிறது. வைட் லென்ஸில் எடுத்தால் அந்தத் திட்டு புளியங்கொட்டை அளவுக்குத் தெரியும், மீதி எல்லாம் சாம்பல் வானம்.

போலரைசர் ஃபில்டர் கட்டாயம். நீல வானத்துக்காக அல்ல, அங்கே நீல வானம் எங்கே இருக்கிறது. ஈரப் பாறை, ஈரப் புல், ஓடைநீர் எல்லாவற்றின் மேலும் ஒரு வெளுத்த பளபளப்பு இருக்கும், போலரைசரைத் திருகினால் அது விலகி உள்ளே இருக்கிற நிறம் வெளியே வரும். வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரில் ஆறு ஸ்டாப் ஒன்று இருந்தால் போதும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). பத்து ஸ்டாப் வீட்டிலேயே இருக்கட்டும், அது அடிக்கிற காற்றில் இரண்டு நிமிட எக்ஸ்போஷர் வைத்தால் ட்ரைபாட் ஆடியதுதான் பதிவாகும்.

துணி! மைக்ரோஃபைபர் துணி ஆறாவது வேண்டும். ஒன்று நனைந்தால் அடுத்தது. உள்பையில் ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப்லாக் பையில் போடுங்கள். தேசிய சேவை செய்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஃபீல்டு கேம்புக்குச் சட்டை, சாக்ஸ் எல்லாம் ஜிப்லாக்கில் கட்டிக்கொண்டு போனது நினைவிருக்குமே, அதே வித்தைதான். கேமராவின் உடம்பையும் ட்ரைபாட்டையும் துடைக்க ஒரு குட் மார்னிங் துண்டு, ஐம்பது வருஷமாகக் கோப்பிக்கடைக்காரர்கள் தோளில் போட்டிருக்கிறார்களே, அது. லென்ஸில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள். ஹோட்டல் குளியலறையில் தருகிற ஷவர் கேப் கேமராவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், நாலைந்து சேர்த்து வையுங்கள். குடை வேண்டாம். முதல் காற்றிலேயே பறந்துவிடும்.

உடுப்புக்கு ஜீன்ஸ் கூடவே கூடாது, நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. மழைக்கால்சட்டை, மழைச்சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் நீர்புகாத காலணி. கீழே பார்க்கப் புல் மாதிரி இருக்கும், கால் வைத்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும் கரிச்சேற்று நிலம் அது. பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் நீர்புகாப் பை, தரையில் விரிக்கிற ஷீட் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். குளிர்ச்சட்டையை மட்டும் ஸ்காட்லாந்து போய்க்கூட வாங்கிக்கொள்ளலாம், அவர்களுக்குத்தான் அது தெரியும்.

இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்

புளோக் கீழ்த்தளத்தில் இரவு பதினொரு மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு, விளக்கில்லாத மூலையில் நின்று, ட்ரைபாட்டை விரித்துக் கேமராவை மாட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. ஃபில்டரைக் கையுறையோடு திருக முடியவில்லை என்பது ஸ்டோர் பாறையின் அடியில் தெரியவருவதைவிட இங்கே தெரிவது நல்லது. மழையில் கேமராவைப் பிடிக்கப் பழகுவதற்கு நம்ம டிசம்பர் மழையே போதும். இடி இல்லாத நாளாகப் பார்த்து லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். பூமலை என்கிற தாவரவியல் பூங்காவில், இஞ்சித் தோட்டத்து அருவியில் ஷட்டரைக் கால் வினாடி, அரை வினாடி, இரண்டு வினாடி என்று மாற்றி மாற்றி எடுத்துத் தண்ணீர் எப்போது பட்டு மாதிரி இருக்கிறது, எப்போது பஞ்சுமிட்டாய் ஆகிறது என்று பாருங்கள். என் கண்ணுக்குக் கால் வினாடியிலிருந்து அரை வினாடிதான் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது.

காலுக்கும் பயிற்சி வேண்டும். புக்கித் தீமா உச்சியே 163 மீட்டர்தான், ஸ்டோர் கார் நிறுத்துமிடத்திலிருந்து நல்ல கோணம் கிடைக்கும் மேடு வரை ஏறுகிற உயரம் அதைவிட அதிகம். முதுகில் கேமராப் பையோடு, இருட்டில், எதிர்க்காற்றில். வாரத்துக்கு இரண்டு நாள் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியேறுங்கள்.

எங்கே நிற்பது

தீவின் வடக்கு முனையில் ட்ராட்டர்னிஷ் என்கிற மலைத்தொடர் இருக்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறை அடுக்கு கீழே இருந்த மெல்லிய படிவப் பாறைகளை நசுக்கிச் சரிந்ததில் உண்டானவைதான் ஸ்டோரும் குவிராங்கும். குவிராங் பக்கம் நிலம் இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கிறது, ஃப்ளோடிகரி அருகே சாலையை அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இரண்டுமே கிழக்கைப் பார்த்த சரிவுகள், அதனால் காலையில் போக வேண்டிய இடங்கள். மத்தியானத்துக்குமேல் போனால் நிழலைத்தான் எடுப்பீர்கள். ஸ்டோரில் எல்லோரும் அந்த 50 மீட்டர் ஒற்றைப் பாறையின் அடிக்குப் போய் அண்ணாந்து பார்த்து எடுத்துவிட்டு இறங்குவார்கள். அங்கே நிற்காமல் வடக்குப் பக்கம் இன்னும் மேலே ஏறித் திரும்பிப் பாருங்கள், பாறையும் கீழே ஏரியும் அதற்கப்பால் கடலும் ஒரே படத்தில் அடுக்காக வரும்.

மேற்கே நீஸ்ட் பாயிண்ட் அஸ்தமனத்துக்கு. 1909-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம், அதற்கு முன்னால் திமிங்கில முதுகு மாதிரி ஒரு குன்று. விளக்கத்துக்கு நடந்து போகாதீர்கள், போனால் அது படத்தில் வெறும் கட்டடம். கார் நிறுத்துமிடத்துக்கு வடக்கே செங்குத்துப் பாறையின் மேலிருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு தனியாக நிற்கிறது என்று தெரியும். விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள், ஈரப் புல் சோப்பு மாதிரி வழுக்கும், காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. ஒன்று கவனியுங்கள்: கோடையில் சூரியன் விளக்கத்துக்கு ரொம்ப வலப்பக்கம் போய்க் கடலில் இறங்கும், அது விளக்கத்தின் பக்கம் வர வேண்டுமானால் குளிர்காலம்.

தெற்கே எல்கொல். கடற்கரையில் தேன்கூடு மாதிரி அரித்த பாறை, எதிரே கடலுக்கு அப்பால் கூலின் மலைகளின் பல்வரிசை. இங்கே ஓத அட்டவணை பார்க்காமல் போகாதீர்கள். நம்ம கடற்கரையை நினைத்துக்கொண்டு நின்றால் ஏமாந்துவிடுவோம், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அந்தத் தீவைச் சுற்றி நீர்மட்டம் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். முன்னால் பாறையில் பாசி, பின்னால் ஏறிவரும் தண்ணீர். தண்ணீர் வடிகிற நேரமாகப் பார்த்துப் போனால் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் புதுப் பாறை ஒன்று வெளியே வரும், ஈரத்தோடு, கால்தடம் இல்லாமல்.

ஃபேரி பூல்ஸ் ஓடையை வெயில் நாளில் விட்டுவிடுங்கள். மேகம் மூடிய நாள்தான் அதற்கு, தண்ணீரின் பச்சை நீலம் அப்போதுதான் கேமராவில் ஏறும். தூறல் என்றால் இன்னும் நல்லது, கூட்டம் இருக்காது. தலிஸ்கர் கடற்கரையில் தண்ணீர் வடியும்போது கறுப்பு மணலும் வெள்ளை மணலும் கலந்து கோலம் போட்ட மாதிரி வரி வரியாக நிற்கும், கடலைப் பார்க்காமல் காலடியைப் பாருங்கள்.

இவ்வளவையும் சொன்னேன் என்பதற்காக இவ்வளவையும் பார்க்காதீர்கள். ஐந்து நாள் என்றால் மூன்று இடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை போங்கள்.

நிற்பது என்றால் சும்மா நிற்பதல்ல

ஸ்கையைக் கேலிக் மொழியில் மூடுபனித் தீவு என்றும் சொல்வார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வருகிற ஈரக்காற்று கூலின் மலையில் மோதி அங்கேயே கொட்டும். கூலின் முழுக்க மேகத்தில் முங்கிக் கிடக்கிற அதே நேரத்தில் வடக்கே ட்ராட்டர்னிஷ் பக்கம் வானம் கிழிந்து வெளிச்சம் விழுவதுண்டு. அதனால் தங்கியிருக்கும் அறையின் ஜன்னலைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். பிரிட்டனின் வானிலை நிலையமான மெட் ஆஃபீஸ் முன்னறிவிப்பில் மழைச் சின்னத்தைவிட மேக அளவு, காற்றின் திசை, காற்றின் வேகம் மூன்றையும் பாருங்கள். முழு மழை, முழு வெயில் இரண்டுமே நமக்கு வேண்டாம். மழையும் வெயிலும் மாறி மாறி என்று போட்டிருந்தால், அன்றைக்குத்தான் சட்டியில் கறி.

இரண்டாம் பயணத்தில் குவிராங் மேட்டில் காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரே இடத்தில் நின்றேன். மலைத்தொடரைத் தெற்கு நோக்கிப் பார்க்கிற இடம், கீழே சின்ன ஏரி, ஊயிக் போகிற சாலை கயிறு மாதிரி வளைந்து போகும். காற்று தென்மேற்கிலிருந்து. முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை, தூறல்தான். அப்புறம் தூரத்தில், தொடரின் மறுகோடியில், ஒரு வெளிச்சத் திட்டு தெரிந்தது. அது நகர்கிறது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மேகத்தின் ஓட்டையும் போகும், அதன் வழியாக விழுகிற வெளிச்சமும் போகும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கலை கைவந்த மாதிரி. மேகம் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு கிலோமீட்டர் அகல ஓட்டை ஒரு பாறையைக் கடக்க ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் லென்ஸ் மாற்றுவதோ ஃபில்டர் தேடுவதோ நடக்காது. அதனால் வெளிச்சம் வருவதற்கு முன்பே படத்தின் சட்டகத்தை அமைத்து, ஃபோகஸைப் பூட்டி, லென்ஸைத் துடைத்து, ஷவர் கேப்பை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அன்றைக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று முறை வெளிச்சம் வந்தது. முதல் முறை நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், போச்சு. இரண்டாம் முறை ஏரிக்கு இந்தப் பக்கமாகவே போய்விட்டது. மூன்றாம் முறை அது சாலையின் மேல் ஏறி, வளைவுக்கு வளைவு தாவி, பிராக்கன் படர்ந்த சரிவில் விழுந்தது. அந்தத் துரு நிறம் அப்படியே செம்பாக மாறியது, பின்னால் மலை இன்னும் மழைக்குள் இருந்தது. 135 மி.மீ., எஃப் 8, 1/250 வினாடி, ஐஎஸ்ஓ 400. பதினான்கு படம் எடுத்தேன், ஒன்பதாவதில் மட்டும் ஓர் ஆடு சரியாக வெளிச்சத்தின் ஓரத்தில் நிற்கிறது. அதுதான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அம்மா அந்த ஆட்டை இன்னும் பாறை என்றுதான் சொல்கிறார்கள்.

வானவில்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் தரையில் நிற்கிறவனுக்கு வானவில் தெரியும். நம்ம ஊரில் அதனால்தான் நண்பகல் மழையில் அது வருவதில்லை. ஸ்கையில் அக்டோபரிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை சூரியன் அந்த உயரத்தைத் தொடுவதே இல்லை, எந்த நேரத்திலும் வரலாம். மழை ஒருபக்கம், வெயில் உங்கள் முதுகுப்பக்கம், அவ்வளவுதான். வந்தால் போலரைசரைப் பார்த்துத் திருப்புங்கள், ஒரு பக்கம் திருப்பினால் நிறம் கூடும், இன்னொரு பக்கம் திருப்பினால் வானவில்லே காணாமல் போகும்.

கேமராவில் என்ன வைப்பது

கேமரா பதிவதைச் சுருக்காமல் அப்படியே வைக்கிற ரா கோப்பில் எடுங்கள். வெண்சமநிலையை ஆட்டோவில் விடாமல் வெயில் அளவில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கஷ்டப்பட்டுக் காத்திருந்த மஞ்சளைக் கேமராவே துடைத்துவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 போதும், எஃப் 16-க்கு மேல் போனால் கூர்மை குறையத் தொடங்கும். பாதி கறுத்த ஃபில்டர்களை நான் விட்டுவிட்டேன், அங்கே அடிவானம் நேர்க்கோடாக இருப்பதில்லை, மலை உச்சியும் சேர்ந்து கறுத்துப்போகும். அதற்குப் பதிலாக இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஹிஸ்டோகிராம், அதாவது கேமராத் திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், வலது சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கூலின் பாறை கறுப்பு. படத்தில் அது கறுப்பாகவே இருக்கட்டும், சாம்பலாக்கி விவரம் காட்டுகிறேன் என்று இழுக்காதீர்கள்.

ட்ரைபாட்டின் நடுத்தண்டை ஏற்றாதீர்கள், மெல்லிய கடைசிக் கணுவையும் நீட்டாதீர்கள். முட்டிபோட்டு எடுங்கள். பையைக் கொக்கியில் தொங்கவிடச் சொல்வார்கள், பலத்த காற்றில் அது ஊஞ்சலாடி ட்ரைபாட்டையும் ஆட்டும், பை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பயன். காற்று வருகிற பக்கம் நீங்களே சுவராக நில்லுங்கள். நீஸ்டில் ஒரு நிமிடம் கையை எடுத்தேன், மூக்கைச் சிந்துவதற்கு. ட்ரைபாட் குப்புற விழுந்து ஃபில்டர் நொறுங்கியது, லென்ஸ் தப்பியது புண்ணியம்.

நம்மவர்கள் தப்பாமல் மாட்டிக்கொள்கிற ஒன்று, ஆவி படிவது. சிங்கப்பூரில் ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் ஆவி படியும், அது நமக்குத் தெரியும். அங்கே தலைகீழ். குளிரில் நின்றுவிட்டுச் சூடான காருக்குள்ளோ அறைக்குள்ளோ நுழையும்போதுதான் படியும், ஈரம் உள்ளேயும் போய்விடும். உள்ளே வருவதற்கு முன்பே கேமராவைப் பையில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். படத்தைப் பார்க்கக் கை அரிக்கும், அதற்கு முன்பே மெமரி கார்டை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். காரில் ஹீட்டரைக் குறைத்து வைத்தால் இடத்துக்கு இடம் போகும்போது இந்தத் தொல்லையே இல்லை, கூட வருகிறவர் சம்மதித்தால். உபரி பேட்டரி சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றி மூன்று வார்த்தை. தலைவிளக்கு இல்லாமல் உதயத்துக்கோ அஸ்தமனத்துக்கோ ஏறாதீர்கள், இறங்கும் வழி இருட்டாகத்தான் இருக்கும். கூலின் மலைப்பாறையில் காந்தத்தன்மை உண்டு, திசைகாட்டி அங்கே பொய் சொல்லும், கைப்பேசி சிக்னலும் பல இடத்தில் இருக்காது, அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஏதாவது ஆகிவிட்டால் நம்ம 999-தான் அங்கேயும்: போலீஸ் வேண்டும் என்று சொல்லி, பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ட்ரைபாட்டைக் கணுக் கணுவாகக் கழற்றிக் குளியலறையில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், எல்கொல் உப்பும் மணலும் திருகுகளுக்குள் இருக்கும். காலணியையும் சேற்றோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவராமல் அங்கேயே கழுவிக் காயவைத்துவிடுங்கள். லென்ஸை அன்றைக்கே உலர்பெட்டியில், 45 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். நம்ம ஊர்ச் சூட்டில் ஈரத்தோடு பையிலேயே ஒரு வாரம் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் பெனின்சுலா பிளாசாவில் பழைய லென்ஸ் தேடி அலைய வேண்டியதுதான்.